உள் சக்கரம் என்ன செய்கிறது? – எல்.எஸ்.டி. பற்றி வாசகர் கேள்வி–பதில்

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது எல்.எஸ்.டி., பொருத்துவது பற்றி வந்திருக்கும் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல்; ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை எல்.எஸ்.டி. எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1990ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1.6 லிட்டர் எஞ்சின், சாதாரண டிஃபரன்ஷியல். வாரநாள்களில் அலுவலகத்துக்கும், வாய்ப்புக் கிடைக்கும்போது ரேஸ் டிராக்குக்கும் இதே காரைத்தான் ஓட்டுகிறேன். டிராக்கில் மெதுவான வளைவிலிருந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து வெளியே வரும்போது உள்பக்கப் பின்சக்கரம் வீணாகச் சுழல்கிறது. எஞ்சின் இரைகிறதே தவிர, கார் நகர மறுக்கிறது. 1.8 லிட்டர் காரிலிருந்து கழற்றிய டார்சன் டிஃபரன்ஷியலை வாங்கிப் பொருத்தச் சொல்கிறார் ஒரு நண்பர். பிளேட் வகை எல்.எஸ்.டி.யில்தான் முழுப் பலன் கிடைக்கும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? – மெல்பர்ன் வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முதல் நண்பர் சொல்வதுதான் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும்: அந்த உள் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டு சுழல்கிறதா, தரையை விட்டு எழும்பிச் சுழல்கிறதா?

இது ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரையும் சேர்த்தால் உங்கள் கார் ஏறக்குறைய ஒரு டன். பின் ஆக்சிலில் 500 கிலோ என்று வைத்துக்கொண்டால், நேராக ஓடும்போது ஒவ்வொரு பின்சக்கரமும் 250 கிலோவைச் சுமக்கிறது. எடை மையம் தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1.4 மீட்டராகவும் இருந்தால், புவியீர்ப்பு விசையில் 0.8 பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசையோடு வளையும்போது, பின் ஆக்சில் சுமையில் கால் பங்குக்குச் சற்றே அதிகம் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறிவிடும். உள் சக்கரத்தில் சுமார் 120 கிலோவும் வெளிச் சக்கரத்தில் சுமார் 380 கிலோவும் நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறதே தவிர, டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, எப்போதும் சரிபாதியாகவே பிரிக்கிறது. எனவே 120 கிலோ சுமையுள்ள சக்கரம் எவ்வளவு டார்க்கைத் தாங்குமோ அதே அளவைத்தான் 380 கிலோ சுமையுள்ள சக்கரமும் பெற முடியும். வலுவான சக்கரம் சும்மா நிற்க, பலவீனமான சக்கரம் முழு ஆக்சிலுக்கும் எல்லை வகுத்துவிடுகிறது.

டார்சன் வகை இந்த இடத்தில் குறுக்கிடுகிறது. அதற்குள் பிளேட்டோ கிளட்ச்சோ இல்லை. புழுப்பல் சக்கரங்கள் ஒன்றையொன்று அழுத்துவதால் உண்டாகும் உராய்வே எல்லா வேலையையும் செய்கிறது. டார்க் ஏற ஏற அழுத்தமும் ஏறுவதால், பிடி அதிகமுள்ள சக்கரத்துக்கு, பிடி குறைந்த சக்கரம் தாங்குவதைப்போல் இத்தனை மடங்கு வரை போகட்டும் என்று ஒரு விகிதம் தானாகவே அமைந்துவிடுகிறது. அந்த விகிதம் 2.5 என்று வைத்துக்கொள்வோம். உள் சக்கரம் 200 நியூட்டன் மீட்டர் தாங்கினால் வெளிச் சக்கரத்துக்கு 500 வரை கிடைக்கும். ஆக மொத்தம் 700. சாதாரண டிஃபரன்ஷியலில் இதே நிலைமையில் கிடைத்திருப்பது 400 மட்டுமே. எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் வளைவின் வாயிலில் கிடைக்கும் ஆதாயம் இது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. உள் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் அது தாங்கும் டார்க் பூஜ்யம். பூஜ்யத்தை இரண்டரையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அந்தக் கணத்தில் டார்சனும் சாதாரண டிஃபரன்ஷியலைப் போலவே நடந்துகொள்ளும். டார்சன் போட்டும் ஒரு பலனும் இல்லை என்று சொல்பவர்களின் கார்களைக் கவனித்துப் பார்த்தால், பின்பக்கத்தில் தடித்த ஆன்ட்டி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை) போட்டு உள் சக்கரத்தை அவர்களே தூக்கிவைத்திருப்பது பெரும்பாலும் தெரியவரும். ஆகவே அடுத்த முறை டிராக்குக்குப் போகும்போது வளைவின் வெளியேறும் முனைக்கு நேரே ஒரு நண்பரைக் கேமராவோடு நிறுத்துங்கள். உங்கள் காரின் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் மாற்றப்படாமல் இருந்தால், உள் டயர் தரையைத் தொட்டபடியே புகைவதைத்தான் படத்தில் பார்ப்பீர்கள். அப்படியென்றால் டார்சன் வேலை செய்யும். டயர் காற்றில் தொங்கினால், முதலில் அந்த ஆன்ட்டி-ரோல் பாரை மெலிதானதாக மாற்றுங்கள். டிஃபரன்ஷியலுக்கான செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிளேட் வகை எழும்பிய சக்கரத்தையும் சமாளிக்கும் என்பது உண்மை. அதன் பிளேட்டுகள் முன்கூட்டியே ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டிருப்பதால், ஒரு சக்கரம் காற்றில் இருந்தாலும் மற்றதற்கு ஓரளவு டார்க் போய்ச் சேரும். உள்ளேயிருக்கும் சாய்தளங்களின் கோணத்தை மாற்றி அதன் குணத்தையே திருத்தி அமைக்கலாம் என்பதால் பந்தயக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் அந்த வசதிக்கு விலை உண்டு: பிளேட்டுகள் தேயும், எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது பின்பக்கம் கடகடவென்று அதிரும். டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோகும் காருக்கு அது பொருந்தும்; மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போக வேண்டிய காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். உங்கள் 1.6 லிட்டர் காரில் இருக்கும் டிஃபரன்ஷியலின் கிரவுன் வீல், அதாவது அதிலுள்ள பெரிய பல்சக்கரம், 6 அங்குல அளவுள்ளது. அந்த ஆண்டுகளில் சில கார்களில், கெட்டியான திரவத்தின் பிடியால் வேலை செய்யும் விஸ்கஸ் வகை எல்.எஸ்.டி. கிடைத்தது, ஆனால் இன்று அவற்றின் சிலிக்கோன் திரவம் முப்பது வயதைத் தாண்டிவிட்டதால் அவற்றைத் தேடிப் போவது வீண். 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது மாஸ்டா கிரவுன் வீலை 7 அங்குலமாக்கி, டார்சனையும் விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. இது வெறும் கூண்டை மட்டும் மாற்றும் வேலை அல்ல, 1.8 காரின் முழு டிஃபரன்ஷியலோடு அதற்குரிய இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்ட்டுகளையும் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். நான்கும் ஒரே காரிலிருந்து கழற்றப்பட்டவையாக இருப்பது நல்லது. பிற்காலத்தில் டர்போ பொருத்தும் எண்ணம் இருந்தாலும் இந்த மாற்றம் தேவைப்படும். ஏனென்றால் பவரைக் கூட்டினால் 6 அங்குல டிஃபரன்ஷியல் உடையும் என்பது எம்எக்ஸ்-5 வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது வேகமானி. உங்கள் காரின் இறுதி விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்ற வேண்டிய எண்ணிக்கை, 4.3. முதல் தலைமுறை 1.8 மேனுவல் காரில் அது 4.1. வேகமானிக்கான பல்சக்கரம் கியர்பாக்ஸில் இருப்பதால், 4.1 விகிதத்துக்கு மாறியபின் அது ஏறக்குறைய ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டும்: கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது முள் முன்பு காட்டிய இடத்துக்கு ஐந்து குறைவாக நிற்கும். விக்டோரியா மாநிலத்து வேகக் கேமராக்களோடு வாழும் உங்களுக்கு அதன் பொருளைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேகமானிப் பல்சக்கரத்தை மாற்றலாம், அல்லது 4.3 விகிதத்தோடு வந்த இரண்டாம் தலைமுறைக் காரின் டார்சன் கிடைக்கிறதா என்று தேடலாம். பொதுவாக 1.6 எஞ்சினுக்கு 4.3 தரும் சுறுசுறுப்பை இழக்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

முழு யூனிட்டாக வாங்கினால் கிரவுன் வீலும் அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனும் ஏற்கெனவே ஒன்றோடொன்று பழகியிருக்கும். கழற்றாமல் அப்படியே ஏற்றிவிடலாம். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தைத் திரும்பப் பூட்டும்போது மட்டும், பட்டறைக் கையேட்டில் சொல்லியிருக்கும் உயரத்தில் நிறுத்தியபிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிரத் தொடங்கும். ஆனால் டார்சன் கூண்டை மட்டும் தனியாக வாங்கி, வேறொரு ஹவுசிங்கில் பொருத்துவதாக இருந்தால் வேலை முற்றிலும் வேறு. கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலான ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளந்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அதைக் கொண்டுவர வேண்டும். பிறகு பற்களில் வண்ணப் பசையைத் தடவி, ஆக்சிலைக் கையால் கொஞ்சம் தடுத்துப் பிடித்தபடி பினியனைச் சுற்றினால், பல் எங்கே படுகிறது என்று பசை விலகிய தடம் காட்டிவிடும். தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் பேரிங்கைத் தட்டி ஏற்றி மூடிவிட்ட டிஃபரன்ஷியல், சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஊளையிட ஆரம்பித்துவிடும். இந்த வேலையைத் தினமும் செய்யும் பட்டறையாகத் தேடிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் டயர் பழையதாகவோ கடினமானதாகவோ இருந்தால், டிஃபரன்ஷியலுக்கு முன் டயரை மாற்றுங்கள். பிடியே இல்லாத இரண்டு சக்கரங்களுக்கிடையே டார்க்கைத் திறமையாகப் பங்கிட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கேள்வி: டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களான ஸ்டார் பினியன்களை வெல்டிங் வைத்துப் பூட்டிவிட்டால் எல்.எஸ்.டி. செலவே இல்லை என்று எங்கள் ஊர்ப் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? – சேலம் வாசகர்

பதில்: ட்ரிஃப்டிங் பழகும் பின்சக்கர இழுவைக் கார்களில், பூட்டிய மைதானத்துக்குள் ஓட்டுவதற்காக இப்படிச் செய்கிறார்கள். அது எல்.எஸ்.டி. அல்ல, டிஃபரன்ஷியலே இல்லாத நிலை. தெருவில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் இழுபட்டே ஆக வேண்டும். ஆக்சில் ஷாஃப்ட் முறுக்குண்டு நிற்கும். மழையில் சின்னத் திருப்பத்திலும் பின்பக்கம் விலகும். வெல்டிங் துண்டு உடைந்து பற்களுக்கிடையே விழுந்தால், ஓடும்போதே ஆக்சில் இறுகிவிடவும் கூடும். தெருவில் ஓடும் காரில் வேண்டாம்.

கேள்வி: முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக் ஒன்றை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுகிறேன். முன்சக்கரக் காருக்கு எல்.எஸ்.டி. போட்டால் ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பயத்துக்கு ஓர் அடிப்படை உண்டு, ஆனால் அது எல்லா எல்.எஸ்.டி.க்கும் பொருந்தாது. முன்சக்கரக் காரில் எஞ்சினின் டார்க் போகும் சக்கரங்களே திசையையும் திருப்புகின்றன. இடது, வலது சக்கரங்களுக்கு வேறுவேறு அளவில் டார்க் போகும்போது அந்த வேறுபாடு ஸ்டீயரிங்கில் இழுப்பாகத் தெரியும். குவைஃப் நிறுவனத்தின் ஹெலிகல் (டார்சனைப்போல் பல்சக்கரங்களாலேயே வேலை செய்யும்) டிஃபரன்ஷியலோடு 2002இல் வந்த ஃபோர்ட் ஃபோக்கஸ் ஆர்.எஸ். காரைப் பற்றி அன்று எழுதியவர்களில் பலரும், மேடுபள்ளமான சாலையில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுப்பதைக் குறிப்பிடாமல் விட்டதில்லை. அதே சமயம், ஹெலிகல் எல்.எஸ்.டி.யோடு 1995இல் வந்த ஹோண்டா இன்டக்ரா டைப் ஆரும் 1997இல் வந்த சிவிக் டைப் ஆரும், முன்சக்கர ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை உதாரணமாகச் சொல்லப்படுகின்றன. சஸ்பென்ஷனின் அமைப்பும் எஞ்சின் டார்க்கின் அளவும் சேர்ந்துதான் இழுப்பைத் தீர்மானிக்கின்றன. உங்களுடையது டர்போ இல்லாத சிறிய எஞ்சின் என்றால் பயப்பட அதிகம் இல்லை.

மெல்பர்ன் வாசகரிடம் கேட்ட அதே கேள்வியை உங்களிடமும் கேட்க வேண்டும்: உள் முன்சக்கரம் என்ன செய்கிறது? டிராக்குக்காகத் தயார்செய்த முன்சக்கரக் கார் வேகமாக வளையும்போது தூக்குவது பெரும்பாலும் உள்பக்கப் பின்சக்கரத்தை. நாயொன்று கம்பத்தருகே காலைத் தூக்குவதுபோல் அது நிற்பதை கரியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த நிலையில் உள் முன்சக்கரம் சுமை குறைந்து நின்றாலும் தரையை விடுவதில்லை. ஆகவே ஹெலிகல் வகை அங்கே நன்றாகவே வேலை செய்யும். தேய்மானப் பிளேட்டுகளும் அதில் இல்லை. 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரியில் மெதுவான வளைவுகளுக்குக் குறைவில்லை என்பதால் பலனும் வெளிப்படையாகத் தெரியும். முக்கியமாக, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது காரின் மூக்கு வெளிப்பக்கம் ஓடுவது குறையும். மிதித்தால் கார் வளைவுக்குள் இழுத்துக்கொள்வது முதல் சுற்றில் உங்களுக்கு விசித்திரமாக இருக்கும்.

பிளேட் வகையைத்தான் போட வேண்டும் என்று முடிவுசெய்தால் 1-வே அல்லது 1.5-வே என்று கேட்டு வாங்குங்கள். 1-வே என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பூட்டும்; 2-வே என்றால் காலை எடுத்து எஞ்சின் பிரேக் பிடிக்கும்போதும் அதே அளவுக்குப் பூட்டும்; 1.5-வே என்றால் அப்போது குறைவாகப் பூட்டும். வளைவுக்குள் நுழையும் நேரத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டால் கார் திரும்ப மறுக்கும். முன்சக்கரக் காரில் 2-வேயைத் தவிர்ப்பதற்குக் காரணம் அதுதான். இந்த மாற்றத்துக்குப்பின் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட்டுகள்மீது சுமை கூடும் என்பதால் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பந்தயத்தில் பதிவுசெய்து ஓட்டுவதாக இருந்தால், நீங்கள் ஓட்டும் பிரிவின் விதிகள் எல்.எஸ்.டி.யை அனுமதிக்கின்றனவா என்பதைப் பொருளை வாங்குவதற்கு முன்பே ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் காரில் கம்பெனியிலிருந்தே எக்ஸ்.டி.எஸ். வருகிறது. அது எல்.எஸ்.டி.தான் என்றார் ஷோரூம்காரர். அப்படியானால் தனியாக ஒன்று எதற்கு? – சென்னை வாசகர்

பதில்: ஷோரூமில் சொன்னது பாதி உண்மை. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் எக்ஸ்.டி.எஸ். கொண்ட காருக்குள் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல்தான். வளைவில் சுமை குறைந்த உள் சக்கரத்தின் பிரேக்கைக் கணினி தானாகப் பிடிக்கிறது. அந்தச் சக்கரம் பிரேக்கோடு போராடுவதற்கு எவ்வளவு டார்க் தேவையோ, அதே அளவு டார்க் வெளிச் சக்கரத்துக்கும் போய்ச் சேர்கிறது. சரிபாதியாகப் பிரிக்கும் குணத்தையே பயன்படுத்திக்கொள்ளும் புத்திசாலித்தனமான வழி இது. ஆனால் உள் சக்கரத்துக்குப் போன டார்க் பிரேக்கில் சூடாகிக் கரைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவருக்கு இதைவிட வேறெதுவும் தேவையில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சுற்றுக்கு மேல் சுற்றாக ஓட்டுபவருக்கோ, ஏற்கெனவே கொதிக்கும் முன் பிரேக்குகளில் மேலும் சூடு ஏறுகிறது. பேட் தேய்வதும் அதிகமாகிறது.

2013இல் கோல்ஃப் ஜிடிஐயின் பெர்ஃபாமன்ஸ் வகையில் ஃபோக்ஸ்வேகன் கொண்டுவந்த அமைப்பு வேறு. அதில் டிஃபரன்ஷியலுக்கும் ஒரு பக்க ஆக்சிலுக்கும் இடையே எலெக்ட்ரானிக் முறையில் கட்டுப்படும் பிளேட் கிளட்ச் இருக்கிறது. தேவையானபோது 1,600 நியூட்டன் மீட்டர் வரை பூட்டும். அது பிரேக்கை நம்பியிருக்கும் வித்தை அல்ல, உண்மையான எல்.எஸ்.டி. வாங்கும்போது இந்த இரண்டில் எது என்று கேளுங்கள். எக்ஸ்.டி.எஸ். கொண்ட காரில் மெக்கானிக்கல் எல்.எஸ்.டி. பொருத்தினால் இரண்டும் சண்டையிட்டுக்கொள்ளுமா என்ற சந்தேகமும் சிலருக்கு உண்டு. உள் சக்கரம் வீணாகச் சுழல்வது குறையும்போது கணினிக்கு வேலையும் குறைந்துவிடும்; அவ்வளவுதான்.

கேள்வி: எல்.எஸ்.டி.யை முதலில் பயன்படுத்தியது பந்தயக் கார்களா, லாரிகளா? – திருச்சி வாசகர்

பதில்: இதற்கான கதையில் பந்தயத்துக்குத்தான் முதன்மையான இடம். 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் கிராண்ட் ப்ரீ காரில், பின்னால் அமைந்த 16 சிலிண்டர் எஞ்சினின் பலத்தால் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரைகூட ஒரு பின்சக்கரம் தன்போக்கில் சுழன்றது. 1935இல் போர்ஷே இதற்கு வழிகாணும்படி இசட்.எஃப். நிறுவனத்திடம் கேட்டார், அவர்கள் செய்துகொடுத்த டிஃபரன்ஷியல்தான் ஸ்போர்ட்ஸ் கார் எல்.எஸ்.டி.களின் வரிசையைத் தொடங்கிவைத்தது. டார்சனுக்கு மூலமான பல்சக்கர அமைப்பு அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மனுடையது. அதற்கு 1958இல் காப்புரிமை கிடைத்தது.

கேள்வி: பழைய டொயோட்டா 86 வாங்கியிருக்கிறேன், கம்பெனி டார்சன் உண்டு. எல்.எஸ்.டி. இருப்பதால் பனிக்காலத்தில் பாதுகாப்பு அதிகம் என்று நினைத்தேன். பனி படிந்த சாலையில் பின்பக்கம் ஒருபக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது. ஏன்? – டொரன்டோ வாசகர்

பதில்: எல்.எஸ்.டி. இழுவையைக் கூட்டும், பக்கவாட்டுப் பிடியைக் கூட்டாது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழலும்போது மற்றது அமைதியாக உருண்டுகொண்டு, காரின் வால் விலகாமல் பிடித்துக்கொள்ளும். எல்.எஸ்.டி. இருந்தால் டார்க் இரண்டுக்கும் போவதால், பிடி விடும்போது இரண்டும் சேர்ந்தே விடும். அந்தக் கணத்தில் காரைப் பக்கவாட்டில் பிடிக்க ஒரு சக்கரமும் மிச்சமில்லை. சாலை ஓரம் நோக்கிச் சரிவாக இருந்தால் வால் அந்தச் சரிவில் இறங்கும். நீங்கள் பார்த்தது அதுதான். பிளேட் வகையில் இது இன்னும் கூர்மையாக இருக்கும், டார்சன் மென்மையானது.

டார்சனுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஒரு சக்கரம் ஐஸ்மீதும் மற்றது காய்ந்த தார்மீதும் நின்றால், ஐஸ்மீதுள்ள சக்கரம் தாங்கும் சொற்ப டார்க்கின் சில மடங்குதான் மற்றதற்குக் கிடைக்கும். உங்கள் காரின் டிராக்‌ஷன் கண்ட்ரோல் அந்தச் சுழலும் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கும்போது, டார்சன் அந்தப் பிரேக்கின் எதிர்ப்பையும் சேர்த்துப் பெருக்கி மற்ற சக்கரத்துக்கு அனுப்பும். ஆகவே பனியில் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்காதீர்கள். குளிர்கால டயர் நான்கையும் மாட்டுங்கள். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை இரண்டாம் கியரில் மெல்லத் தொடுங்கள்.

கேள்வி: பிளேட் எல்.எஸ்.டி. பொருத்திய பிறகு, பார்க்கிங்கில் திருப்பும்போது பின்பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது. பொருத்தியவர் இது சகஜம் என்கிறார். ஏமாற்றுகிறாரோ? – லண்டன் வாசகர்

பதில்: ஏமாற்றவில்லை. அழுத்தத்தில் இருக்கும் பிளேட்டுகள் ஒட்டியும் விட்டும் நழுவுவதால் வரும் சத்தம் அது. புதிய பிளேட்டுகளைப் பழக்கும் முறை ஒன்று உண்டு: காலியான இடத்தில் மெதுவாக எட்டு வடிவில் இரு பக்கமும் மாறிமாறிச் சுற்றி, பிறகு அந்த முதல் எண்ணெயை வடித்துவிட வேண்டும். வடிக்கும் எண்ணெயில் மெல்லிய உலோகப் பொடி மினுங்குவது இயல்பு. விரலில் நெருடும் துகள்கள் இருந்தால் பட்டறைக்குத் திரும்பிப் போங்கள். எண்ணெய் எல்.எஸ்.டி.க்கென்று தயாரித்த ஜி.எல்-5 தரமாக இருக்க வேண்டும். உராய்வு குறைக்கும் திரவத்தைச் சேர்த்தால் சத்தம் அடங்கும். ஆனால் அளவுக்கு மேல் ஊற்றினால் பூட்டும் திறனும் சேர்ந்து அடங்கிவிடும். சத்தம் பிடிக்காது என்பதற்காகப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுபவர்கள், கடைசியில் சாதாரண டிஃபரன்ஷியலை அதிக விலைக்கு வாங்கியவர்களாகிவிடுகிறார்கள். இதைப் படிக்கும் டார்சன்காரர்களுக்கு: உங்களுக்கு அந்தத் திரவம் தேவையே இல்லை, சாதாரண ஜி.எல்-5 கியர் எண்ணெய் போதும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய யூனோஸ் ரோட்ஸ்டர் (அங்கே எம்எக்ஸ்-5க்கு இருந்த பெயர்) ஒன்று விலைக்கு இருக்கிறது. எல்.எஸ்.டி. உண்டு என்று விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். கழற்றாமல் எப்படித் தெரிந்துகொள்வது? – கொழும்பு வாசகர்

பதில்: இரண்டு பின்சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டின்மேல் உறுதியாக நிறுத்தி, முன்சக்கரங்களுக்குத் தடை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் எளிதாகச் சுற்றினால் அது சாதாரண டிஃபரன்ஷியலாகவோ, விஸ்கஸ் திரவம் செத்துப்போன எல்.எஸ்.டி.யாகவோ இருக்கலாம், வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே திசையில் இழுத்துக்கொண்டு சுற்றினால் உள்ளே ஏதோ ஒரு எல்.எஸ்.டி. இருக்கிறது. ஆனால் தேய்ந்த டார்சன், சுமையே இல்லாத இந்த நிலையில் எதிர்த்திசையில் சுற்றிக் காட்டக்கூடும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் வைத்து இல்லையென்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

அதற்குமேல் உறுதி வேண்டுமானால் எஞ்சினைக் கேளுங்கள். 1.6 லிட்டர் என்றால் உள்ளே கம்பெனி விஸ்கஸ்தான் இருக்க வாய்ப்பு. அதன் வயதைப் பார்க்கும்போது அதற்கென்று கூடுதலாக ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. 1.8 லிட்டர் என்றால் டார்சனாக இருக்கலாம். அதற்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதில் தவறில்லை. 1.6 காரில் 1.8இன் டார்சனை மாற்றிப் பொருத்தியிருப்பதாகச் சொன்னால், காருக்கு அடியில் டார்ச் அடித்து டிஃபரன்ஷியலின் இரு பக்க ஆயில் சீல்களும் கசிகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஓட்டிப்பார்க்கும்போது கைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தையும் வேகமானியையும் ஒப்பிடுங்கள். வேகமானி ஜி.பி.எஸ்.ஸைவிடக் குறைத்துக் காட்டினால், டயர் அளவு மாறாமல் இருக்கும்பட்சத்தில், 4.1 விகித டிஃபரன்ஷியல் உள்ளே இருப்பதற்கு அதுவே நல்ல அடையாளம். வேகமானிப் பல்சக்கரத்தை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம்.